ஹீத்ரோ – சார்ல் து கோல்: தூரம் 348 கி.மீ. என்று ஒரே எண். நேரம் மட்டும் ஏன் இத்தனை விதம்?

#1 ஹரோ மாலதி

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. அதனால் எங்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சரியாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையம் 348 கி.மீ. என்று தேடிய இடத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. நேரத்துக்கு வந்தால்தான் குழப்பம். தூரம் கணக்கிடும் ஒரு தளம் 56 நிமிடம் என்கிறது. விமான நிறுவனத்தின் பக்கத்தில் 1 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் காலை 9.00 புறப்பாடு, 11.20 வருகை. திரும்பும் டிக்கெட்டிலோ மாலை 6.00 புறப்பாடு, 6.20 வருகை! கடிகார வித்தியாசம் ஒரு மணி என்று தெரியும். அதைக் கழித்த பிறகும் 56-க்கும் 80-க்கும் நடுவே 24 நிமிடம் இருக்கிறதே, அது எங்கே போகிறது? விமானமா, யூரோஸ்டார் ரயிலா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேம்ஸ் குமரன்

கடிகார விஷயம் நீங்கள் சொன்னதுதான் அக்கா. பாரிஸ் எப்போதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோடைக்கால நேரத்துக்கு மாறுவதும் திரும்புவதும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, இரண்டு நாட்டிலும் ஒரே கணத்தில். ஆக வருடம் முழுக்க அந்த ஒரு மணி மாறாது. உங்கள் இரண்டு டிக்கெட்டும் 1 மணி 20 நிமிடம்தான்.

மீதி 24 நிமிடத்தை வரைபடப்பிரியன் விளக்கட்டும், அவர் இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காத்திருப்பார்.

#3 வரைபடப்பிரியன்

காத்திருந்தேன்தான். முதலில் அந்த 348 எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், தாளும் பேனாவும் போதும்.

ஹீத்ரோ வடக்கே 51.47 பாகை, மேற்கே 0.45 பாகை. சார்ல் து கோல் வடக்கே 49.01, கிழக்கே 2.55. வடக்கு தெற்காக வித்தியாசம் 2.46 பாகை. ஒரு பாகை அட்சரேகை சுமார் 111.2 கி.மீ. என்பதால் 274 கி.மீ. கிழக்கு மேற்காக 3 பாகை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும்; 50 பாகை வடக்கில் ஒரு பாகை 71 கி.மீ. அளவுதான். ஆக 213 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 347. பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதையும் சேர்த்தால் 348. கடல் மைலில் 188.

இதில் கவனிக்க வேண்டியது, இது பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் பறக்கும் பாதையின் நீளம் இல்லை. அதனால்தான் யார் கணக்கிட்டாலும் ஒரே விடை.

இப்போது அந்த 56. பல தளங்கள் எல்லா ஜோடி விமான நிலையங்களுக்கும் ஒரே சூத்திரத்தைத்தான் போடுகின்றன. தூரத்தை மணிக்கு 500 மைல் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்ப்பது. 348 கி.மீ. என்பது 216 மைல். 500-ஆல் வகுத்தால் 26 நிமிடம், அதோடு 30. விடை 56. உங்கள் தளம் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஹீத்ரோவில் வரிசை இருக்குமா, எந்தப் பக்கம் காற்று, பாரிஸில் எந்த ஓடுபாதை என்று எதுவும் அதற்குத் தெரியாது. லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்குப் போட்டாலும் அதே அரை மணி நேரத்தைத்தான் சேர்க்கும். நீளமான பயணத்தில் அது பெரிய பிழை ஆகாது. குறுகிய பயணத்தில் அந்த அரை மணிதான் பயணத்தின் பாதியே.

#4 ஓடுபாதை27

விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. நிறுத்தத்தில் சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, மறுமுனையில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை எண்ணுவது. எங்கள் பேச்சில் பிளாக் டைம். லண்டன் பாரிஸ் பயணத்தில் காற்றில் இருப்பது ஏறத்தாழ 45 முதல் 55 நிமிடம். மீதி எல்லாம் தரையில்.

ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதை. விமானம் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து வருடத்துக்கு 4,80,000 என்று உச்சவரம்பு இருக்கிறது, அந்த வரம்பை ஒட்டித்தான் நிலையம் இயங்குகிறது. நாளுக்கு 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில் விமானம் பின்னால் தள்ளப்பட்டு, இயந்திரம் ஓடத் தொடங்கி, வரிசையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போய்ச் சேரவே 20 நிமிடம் ஆவது சாதாரணம். பாரிஸில் இறங்கிய பின் நிறுத்தம் வரை போக இன்னும் 8, 10 நிமிடம். இங்கேதான் அக்கா உங்கள் 24 நிமிடம் இருக்கிறது.

அதுவும் நேராகப் போய்விடுவதில்லை. லண்டனில் பெரும்பாலும் மேற்குக் காற்று, விமானம் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏற வேண்டும். பாரிஸ் இருப்பது தென்கிழக்கில். ஆகவே முதலில் பாரிஸுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஏறி, பிறகு தெற்கே வளைந்து, சசெக்ஸ் கரையைத் தாண்டி, கடலுக்கு அப்பால் நோர்மண்டியில் டியெப் பக்கமாக உள்ளே போவது வழக்கம். பாரிஸிலும் அன்றைக்கு மேற்கு நோக்கி இறக்குகிறார்கள் என்றால் நிலையத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்து இந்த வளைவுகள் பத்து நிமிடம் தின்றுவிடும்.

வேகமும் அப்படித்தான். ஏ320 ரக விமானம் மேலே போய்ச் சமநிலைக்கு வந்தால் மணிக்கு 830 கி.மீ. போகும். அந்த வேகத்தில் 348 கி.மீ. 25 நிமிடப் பயணம். ஆனால் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகம்தான். இறங்குவதற்கு 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்று விமானிகள் மனக்கணக்கு வைத்திருப்பார்கள். 25,000 அடியிலிருந்து இறங்க 75 கடல் மைல், ஏறக்குறைய 140 கி.மீ. ஏறுவதற்கும் நூறு கி.மீ.க்கு மேல் போய்விடும். மிச்சம் என்ன இருக்கிறது? தேநீர் வண்டி கடைசி வரிசைக்கு வருவதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

#5 கணக்குவழக்கு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் வேண்டுமென்றே நேரத்தை ஊதிக் காட்டுகின்றன. 1 மணி 20 என்று போட்டுவிட்டு 1 மணி 8-இல் நிறுத்தத்தில் நின்றால் "முன்கூட்டியே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு. பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் தாமதக் கணக்கிலேயே சேராது. பயணிக்கு இதனால் என்ன லாபம்? நேரம் தவறாத நிறுவனம் என்ற பெயரை இப்படி வாங்குவது நியாயமாகப் படவில்லை.

#6 ஓடுபாதை27

அண்ணா, கொஞ்சம் கூடுதலாகப் போடுவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பயணிக்கு லாபமே இல்லை என்பதை ஒப்பமாட்டேன்.

பாரிஸ் போகிற அதே விமானம் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிக் கிளம்பி லண்டன் வரும். அப்புறம் எடின்பர்க், அப்புறம் வேறொரு ஊர். காலையில் 1 மணி 5 நிமிடம் என்று இறுக்கமாகப் போட்டு 15 நிமிடம் தவறினால், மாலையில் அந்த விமானத்தில் ஏறக் காத்திருப்பவருக்கு அது ஒரு மணி நேரத் தாமதமாகப் போய்ச் சேரும். பணியாளர்களின் வேலை நேர வரம்பும் அதோடு மோதும். முந்தைய பருவங்களில் அதே வழியில் அதே மணிக்குப் போன விமானங்கள் உண்மையில் எவ்வளவு எடுத்தன என்று பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். ஒரே வழியில் காலை விமானத்துக்கு ஒரு நேரமும் இரவு விமானத்துக்கு வேறு நேரமும் இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, எங்கள் கையில் இல்லாதது. ஐரோப்பிய வான்வழி நெரிசலை பிரசல்ஸில் இருக்கும் யூரோகண்ட்ரோல் மையம் பார்த்துக்கொள்கிறது. நெரிசல் என்றால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஏற வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுப்பார்கள். அதற்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரைதான் சலுகை. பெட்டி ஏற்றுவதில் கொஞ்சம் தாமதம் ஆகி அந்த இடைவெளி தவறினால் புதிய நேரம் கேட்க வேண்டும், அது ஒரு மணி கழித்தும் வரலாம். இதெல்லாம் நடக்கிற இடத்தில் பத்து நிமிடம் மிச்சம் வைப்பதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்காவிட்டால் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் வட்டமடிக்க விடுவார்கள். பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிகின் ஹில். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பிகின் ஹில் மேலே சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#7 கணக்குவழக்கு

பணியாளர் நேரம், அடுத்த பயணம் எல்லாம் புரிகிறது தம்பி. என் வாதம் வேறு. எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்பதைப் பயணிக்குச் சொல்லலாம் அல்லவா? "காற்றில் 50 நிமிடம், தரையில் 30 நிமிடம்" என்று இரண்டு எண் போட்டால் மாலதி போன்றவர்கள் இப்படித் திண்டாட வேண்டாம். அந்தத் தரவு அவர்களிடம் இல்லாமல் இல்லை.

#8 லாசப்பல் ரவி

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். மாலதி அக்கா, நீங்கள் 56-ஆ 80-ஆ என்று பார்ப்பதே தேவையில்லாத வேலை. வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை எண்ணுங்கள்.

ஹரோவிலிருந்து ஹீத்ரோவுக்குக் காரில் அரை மணி, நெரிசல் என்றால் முக்கால். இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். பயணம் 1 மணி 20. சார்ல் து கோலில் இறங்கி நடந்து, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணியாவது ஆகும். அப்புறம் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம் வரை 25 முதல் 35 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம்.

ரயிலில் பாருங்கள். ஹரோ ஆன் த ஹில்லிலிருந்து மெட்ரோபாலிடன் லைனில் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்கிராஸ், அரை மணிக்குள். அங்கிருந்து கிளம்பும் யூரோஸ்டார் வேகமானதாக இருந்தால் பாரிஸுக்கு 2 மணி 16 நிமிடம். கார் து நோரில் இறங்கினால் லா சப்பல் பகுதி பக்கத்திலேயே. கோயில் இருக்கும் ரூ பஜோல் தெருவுக்கு நடந்தே போய்விடலாம், அம்மாவுக்கு முடியாவிட்டால் டாக்ஸி ஐந்து நிமிடம். நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நாலரை மணிக்குள் முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால் ரயில் போவது 492 கி.மீ. விமானத்தின் நேர்கோட்டைவிட 144 கி.மீ. அதிகம். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கமே 50 கி.மீ., அதில் ஏறக்குறைய 38 கி.மீ. கடலுக்கு அடியில், அங்கே வேகத்தை மணிக்கு 160 கி.மீ.க்குக் குறைத்துவிடுவார்கள். வெளியே 300. அப்படியிருந்தும் ரயில் முந்துகிறது.

#9 ஹவுன்ஸ்லோ செல்வி

ரவி அண்ணா சொல்வது ஹரோவுக்குப் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தாது.

நான் இருப்பது ஹவுன்ஸ்லோ. பிக்கடில்லி லைனில் ஏறினால் ஒரு பக்கம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹீத்ரோ, மறுபக்கம் ஒரு மணி நேரம் நின்று நின்று போனால் கிங்ஸ் கிராஸ். அந்த வேறுபாட்டிலேயே ரயிலின் லாபம் போய்விடுகிறது. பாரிஸிலும் நான் போவது லா சப்பல் இல்லை, வடக்கே விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். கார் து நோர் வரை போய் அதே ஆர்.இ.ஆர். பி-யில் வந்த வழியே திரும்ப வேண்டும். எனக்கு விமானம்தான் சுருக்கம், சந்தேகமே இல்லை.

விலையும் இருக்கிறது. ஆகஸ்ட் வார இறுதிக்கு ரயில் டிக்கெட் தாமதமாக எடுத்தால் விமானத்தைவிட நிறையவே கூடுதலாக இருக்கும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

#10 லாசப்பல் ரவி

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி, உங்கள் வீட்டுக்கு விமானம்தான். ஆனால் மாலதி அக்காவின் அம்மாவுக்கு நிற்க முடியாது என்பதை வைத்துத்தான் நான் ரயில் என்றேன். ரயிலில் பிரான்ஸ் காவலர்கள் பாஸ்போர்ட் பார்ப்பது லண்டனிலேயே, செயின்ட் பான்கிராஸில் ஏறும் முன்பு. பாரிஸில் இறங்கினால் வரிசையே இல்லை, நேராக வெளியே நடக்கலாம். விமானத்தில் அந்த வரிசை சார்ல் து கோலில், நடந்து களைத்த பிறகு. ஒரு நாளில் பல நாட்டுப் பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்கிவிட்டால் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பெட்டி, ஒரு கைப்பை வரை ரயிலில் தனிக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம், பெட்டி வரும் வரை நிற்கும் வேலையும் கிடையாது.

இரண்டிலும் சக்கர நாற்காலி உதவி கேட்கலாம். அதை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் காத்திருக்க வைப்பார்கள். அம்மா இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா இரண்டு வழிக்கும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

#11 ஹரோ மாலதி

ரொம்ப நன்றி ரவி அண்ணா. ஹரோவிலிருந்து மாறாமல் போகலாம் என்பதே எனக்கு முடிவைக் கொடுத்துவிட்டது. ரயிலில் இடம் பார்க்கிறேன். உதவியையும் பதிந்துவிடுகிறேன். அம்மா பிரிட்டிஷ் பாஸ்போர்ட், விசா பிரச்சினை இல்லை.

இழையை மூட வேண்டாம், மற்றவர்கள் பேசுவது எனக்கும் சுவையாக இருக்கிறது.

#12 பழையதாள்

இந்த வழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது.

1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்கும் பாரிஸுக்கும் நாள்தோறும் பறக்கும் பயணச் சேவை தொடங்கியது. கிளம்பிய இடம் ஹவுன்ஸ்லோ ஹீத், செல்வி இருக்கிற ஊர்தான்! இன்றைய ஹீத்ரோவிலிருந்து கூப்பிடு தூரம். இறங்கிய இடம் லெ பூர்ஜே. இன்று பாரிஸிலிருந்து சார்ல் து கோலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் குண்டு போடப் பயன்பட்ட டி.எச்.4 விமானத்தை மாற்றியமைத்து, விமானிக்குப் பின்னால் ஒரு சின்ன மூடிய அறை வைத்திருந்தார்கள். பயணி ஒரே ஒருவர், ஒரு செய்தியாளர். கூடவே செய்தித்தாள்கள், தோல், டெவன்ஷயர் பாலாடை, வேட்டையாடிய காட்டுக்கோழிகள். பயணம் இரண்டரை மணி நேரம்.

கிட்டத்தட்ட அதே இரண்டு முனைகள், அதே தூரம். 1919-இல் இரண்டரை மணி நேரம் காற்றில் இருந்தார்கள். இன்று காற்றில் 50 நிமிடம். விமானம் அவ்வளவு வேகம் பெற்றது. ஆனால் ரவி கூட்டிய கணக்கைப் பார்த்தால் மிச்சமான நேரம் முழுவதையும் தரை எடுத்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு விமானிகள் வழி தெரிந்துகொண்டது கீழே தெரியும் சாலையையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான். எதிரெதிரே வருகிற இரண்டு விமானங்கள் ஒரே சாலையைப் பார்த்துப் பறந்தால் என்ன ஆகும்? 1922 ஏப்ரல் 7 அன்று பிகார்டி பகுதியில், மூடுபனியில், லண்டனிலிருந்து வந்த டி.எச்.18-உம் பாரிஸிலிருந்து வந்த ஃபார்மன் கோலியாத்தும் நேருக்கு நேர் மோதின. ஏழு பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் இரண்டு வானில் மோதியது அதுதான் முதல் முறை. அதன் பிறகுதான் வலப்பக்கம் ஒதுங்கிப் பறக்க வேண்டும், வகுத்த வழியில் போக வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ஓடுபாதை27 சொன்ன வளைவுகளும் சுற்றுகளும் நமக்கு நேர விரயமாகத் தெரியலாம். அவை ஒவ்வொன்றும் இப்படி ஒரு காரணத்தால் வந்தவை.

#13 ஹெல்சிங்கி வாசன்

தூரம் கூடினால் வேறு கதை. லண்டன் பாரிஸில் காற்றின் பங்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ஐரோப்பாவின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்கே போகும்போதுதான் அது தெரியும். லிஸ்பன் ஹெல்சிங்கி ஏறத்தாழ 3,360 கி.மீ. நாலரை மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் ஹெல்சிங்கி போவதற்கும் லிஸ்பன் திரும்புவதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். கடிகாரமும் இரண்டு மணி வித்தியாசம். ஒரு பக்க டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரம் போலவும் மறுபக்கம் இரண்டரை மணி நேரம் போலவும் இருக்கும்.

தரையில் போகும் நேரத்துக்கு ஆம்ஸ்டர்டாமைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஹீத்ரோவிலிருந்து அங்குள்ள ஸ்கிபோல் விமான நிலையம் 370 கி.மீ., பாரிஸ் அளவுதான். ஆனால் ஸ்கிபோலில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. ஊர்களுக்கு இரைச்சல் குறைய வேண்டும் என்று அங்கே கொண்டுபோய் வைத்து 2003-இல் திறந்தார்கள். அதில் இறங்கினால் நிறுத்தத்துக்கு வர 15, 20 நிமிடம் உருள வேண்டும். நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் ஊர்ந்து போகும், கீழே கார்கள் ஓடும். அன்றைக்கு எந்த ஓடுபாதை என்பதைப் பொறுத்து உங்கள் பயணமே மாறும்.

#14 வரைபடப்பிரியன்

வாசன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நேர்கோட்டுத் தூரம் துளியும் மாறாமல் பயண நேரம் மட்டும் ஒரே வாரத்தில் மாறிய ஜோடி இருக்கிறது. மாஸ்கோவும் கலினின்கிராடும்.

இரண்டும் ரஷ்யாதான், ஆனால் நடுவே லிதுவேனியாவும் பெலாரஸும் அல்லது லாத்வியாவும் இருக்கின்றன. நேராகப் பறந்தால் ஏறத்தாழ 1,100 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. அன்றிலிருந்து மாஸ்கோவில் ஏறி, வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போய், பின்லாந்து வளைகுடாவின் நடுவே இருக்கும் குறுகிய சர்வதேசக் கடல்பரப்பின் மேலாக மேற்கே வந்து, பால்டிக் கடலில் தெற்கே திரும்பிக் கலினின்கிராடில் இறங்குகிறார்கள். ஒரு மணி நேரம் அளவுக்குக் கூடிவிட்டது. தூரம் கணக்கிடும் தளத்தில் இன்றும் பழைய எண்தான் வரும். அதற்கு எல்லைகள் தெரியாது.

#15 ஹவுன்ஸ்லோ செல்வி

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். ஒஸ்லோவில் இருக்கும் என் அண்ணன் குடும்பமும் தேருக்கு வருகிறது. ஒரே டிக்கெட்டில் பிராங்பர்ட் வழியாகப் பாரிஸ். போன தடவை இப்படி வரும்போது பிராங்பர்ட்டில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு இரவு வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது என்கிறார்களே, எந்தத் தூரம்? பறந்த தூரமா, நேர்த்தூரமா?

#16 சட்டப்பக்கம்

நல்ல கேள்வி. இந்த இழையில் பேசிய நேரம், தூரம் இரண்டுக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேலும் மற்றவற்றில் 3,500 கி.மீ. வரையும் 400, அதையும் தாண்டினால் 600. நார்வேயும் இதைப் பின்பற்றுகிறது. பிரிட்டன் விலகிய பிறகு அங்கே இதே விதி பவுண்டில், குறைந்த தொகை 220. தூரத்தை வரைபடப்பிரியன் போட்ட முறையில், பூமியின் மேல் குறுகிய கோடாகத்தான் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஒஸ்லோவிலிருந்து பிராங்பர்ட், அங்கிருந்து பாரிஸ் என்று கூட்டினால் ஏறத்தாழ 1,590 கி.மீ. வரும். நேராக ஒஸ்லோ பாரிஸ் ஏறத்தாழ 1,360. ஒன்று எல்லைக்கு மேலே, ஒன்று கீழே. இதே மாதிரிச் சிக்கல் ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹம்பர்க் போனவர்களுக்கு வந்தது. அவர்கள் பறந்தது 1,656 கி.மீ., நேர்த்தூரம் 1,326. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நேர்த்தூரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுற்றி வந்ததால் பயணிக்குக் கூடுதல் துன்பம் ஆகிவிடாது என்பது அதன் பார்வை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இரண்டு விமானம் ஏறி இறங்குபவருக்குத் துன்பம் கூடத்தான் செய்யும். ஆனால் சட்டம் அதுதான். ஆகவே உங்கள் அண்ணன் குடும்பத்துக்குத் தலைக்கு 250 யூரோ. கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்திருக்க வேண்டும். காரணம் கடுமையான வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்று நிறுவனத்தின் கைக்கு மீறியதாக இருந்தால் கிடைக்காது.

#17 கணக்குவழக்கு

அந்த 3 மணி நேரத்தை எதிலிருந்து எண்ணுவது? தரை தொட்டதா, கட்டை வைத்ததா?

#18 சட்டப்பக்கம்

இரண்டும் இல்லை. சால்ஸ்பர்க்கிலிருந்து கோலோன்/பான் நிலையத்துக்குப் போன ஒரு பயணத்தில் இதே கேள்வி வந்தது. விமானம் தரை தொட்டபோது 2 மணி 58 நிமிடத் தாமதம். நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். தரை தொட்டதுதான் வருகை நேரம், ஆகவே 3 மணி ஆகவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் கணமே வருகை நேரம் என்று 2014 செப்டம்பர் 4-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்ளே பூட்டி வைத்திருக்கும் வரை பயணி தன் வேலையைப் பார்க்க முடியாது அல்லவா, அதுதான் காரணம்.

செல்வி, உங்கள் அண்ணனிடம் முன்பதிவு எண்ணையும் இரண்டு ஏறும் சீட்டுகளையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கோரிக்கை வைக்கும் காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். இந்தத் தடவை வரும்போது தாமதம் ஆனால், கதவு திறந்த நேரத்தை அப்போதே கைபேசியில் குறித்துக்கொள்ளட்டும்.